தீவு மாளிகையில் நிகாஹ்

   

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் பிள்ளைகளின் நிகாஹ்வை எங்கே நடத்துவது என்பது குறித்தே இன்று பேச விரும்புகிறேன். முன்பெல்லாம் இது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. பெண் வீடு இருக்கும் மஹல்லாவின் பள்ளிவாசல், இல்லையேல் பெண் வீட்டு முற்றத்துப் பந்தல். மண்டபங்கள் வந்த பின் மண்டபம். இப்போதோ "டெஸ்டினேஷன் வெட்டிங்" என்ற சொல் நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார், பெண் சென்னையில் பணியாற்றுகிறார், உறவுகள் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இருக்கின்றன. எல்லோரும் ஓரிடத்தில் மூன்று நாட்கள் கூடியிருப்போம், அந்த இடம் தண்ணீர் சூழ்ந்த பழைய மாளிகையாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

நம் கரைக்கு எதிரே தீவுகள் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகள் எண்ணப்பட்டன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. தங்குவதற்கு அங்கே அனுமதி இல்லை. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு நீருக்குள் மூழ்கியே போய்விட்டது. ஆகவே தீவு மாளிகை வேண்டுமென்போர் வேறிடம் தேடுகிறார்கள். உதய்ப்பூரின் பிச்சோலா ஏரி நடுவே இரண்டாம் ஜகத்சிங் மகாராணா 1740களில் கட்டிய அரண்மனை இன்று ஆடம்பர விடுதி. படகில் மட்டுமே அங்கே போக முடியும். அதன் வாடகை நம்மில் பெரும்பாலோரின் பேச்சுக்கே எட்டாதது. கொழும்பில் 1864இல் தொடங்கப்பட்ட காலிமுகத் திடல் ஓட்டலை நம் கரையின் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறியும். ஆனால் அங்கே போகக் கடவுச்சீட்டு வேண்டும். தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் 2011 ஜூனில் தொடங்கி அதே ஆண்டின் நவம்பரிலேயே நின்றும் போனது.

எஞ்சியிருப்பது கொச்சி. எர்ணாகுளத்துக்கு எதிரே உப்பங்கழியில் இருக்கிறது போல்காட்டித் தீவு. அங்கே டச்சுக்காரர்கள் 1744இல் ஒரு மாளிகை கட்டினார்கள். 1909இல் அது ஆங்கிலேயருக்குக் குத்தகையாகி, அவர்களின் ரெசிடெண்ட் வாழும் இல்லமாயிற்று. விடுதலைக்குப் பின் அரசிடம் வந்தது. இன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதைப் பாரம்பரிய விடுதியாக நடத்துகிறது. விசாலமான புல்வெளி, மூன்று பக்கமும் நீர், மாலையில் கப்பல்களின் விளக்குகள். மலையாளச் சகோதரர்கள் பலர் அங்கே திருமணம் நடத்துகிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆசைப்படுவதில் வியப்பில்லை. அழகை விரும்புவதை மார்க்கம் குற்றமாகச் சொல்லவில்லை.

அன்பர்களே! ஊரை விட்டு வெளியே நிகாஹ் நடத்துவதே கூடாது என்று சிலர் அவசரமாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் நிகாஹ்வை எண்ணிப் பாருங்கள். அன்னையவர்கள் ஹிஜ்ரத் செய்து கடலுக்கு அப்பால் அபிசீனியாவில் இருந்தார்கள். அண்ணலார் (ஸல்) மதீனாவில். அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி முன்னின்று அந்த நிகாஹ்வை நடத்தினார். நாலாயிரம் திர்ஹம் மஹரையும் தம் பொறுப்பில் கொடுத்தார் என்று அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் காண்கிறோம். கடல் தாண்டி நடந்த நிகாஹ் அது!

அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவோ வழிப்பயணத்தில் நடந்தது. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து மதீனா திரும்பும் வழியில், வெட்டவெளியில். ரொட்டியும் இறைச்சியும் அதில் இருக்கவில்லை என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். தோல் விரிப்புகளை விரித்தார்கள். எவரிடம் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவரும்படி சொல்லப்பட்டது. ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், ஒருவர் நெய், ஒருவர் உலர்ந்த பாலாடைக்கட்டி. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்தார்கள். அதுவே வலீமா. புகாரியில் இதனைக் காணலாம். இடம் ஊரன்று, வீடன்று. ஆனால் அந்தப் பயணக் கூட்டத்தில் உணவின்றி வெளியே நிறுத்தப்பட்டவர் என்று எவரும் இல்லை. ஒட்டகம் ஓட்டியவரும் அந்த விரிப்பில் அமர்ந்தார், படைத்தலைவரும் அமர்ந்தார்.

ஆகவே தூரம் அல்ல நம் கேள்வி. தீவும் அல்ல. அங்கே போகாமல் விடுபடுகிறவர்கள் யார் என்பதே கேள்வி.

அழைப்பிதழ் எழுதும் இரவை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் நடந்தால் ஐந்நூறு பெயர், எண்ணூறு பெயர் எழுதுவோம். தீவு மாளிகை என்றதும் பட்டியல் நூற்றைம்பதாகச் சுருங்குகிறது. அறைகள் அவ்வளவுதான். பழைய மாளிகைகளில் அறைகளே சொற்பம். மீதிப் பேரை எர்ணாகுளத்தின் வேறு விடுதிகளில்தான் தங்க வைக்க வேண்டும். எழுநூறு பெயர்களில் எவரை அடிப்பது? தொழில் பங்குதாரரை அடிக்க முடியாது. வங்கி மேலாளரை அடிக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் சாச்சாவையும் அடிக்க முடியாது. பேனா தானாகவே கீழே இறங்கும். பிள்ளைக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுத்த லெப்பை, ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் மோதினார், உப்பளத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர், விதவையாய் வாழும் ஒன்றுவிட்ட குப்பி. இவர்கள் பெயரெல்லாம் ஒரே இரவில் மறைந்துவிடும். "அவர்களால் அவ்வளவு தூரம் வர முடியாது, பாவம்" என்ற ஒரு சொல்லும் கூடவே வந்துவிடும். அது இரக்கத்தின் மொழி போலத் தோன்றுகிறது. யோசித்துப் பார்த்தால், வர முடியாத இடத்தைத் தேர்ந்தெடுத்தது நாம்தானே?

செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவை, உணவுகளிலேயே மிகக் கெட்டது என்று குறிப்பிடும் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். இக்கரையில் நம்மில் பலர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறோம். திருமண விருந்தழைப்பை ஏற்பது கடமை என்பது அந்த மத்ஹபின் நிலை. ஆனால் இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில் அதற்குச் சில நிபந்தனைகளை வைத்திருக்கிறார்கள். அவற்றுள் முதன்மையானது, அழைத்தவர் செல்வர்களை மட்டும் பொறுக்கி அழைத்திருக்கக் கூடாது என்பது. கவனியுங்கள்! அப்படிப்பட்ட அழைப்புக்குப் போகாமல் இருந்தால் குற்றமில்லை என்கிறது சட்டம். நம் மாளிகை விருந்து மார்க்கத்தின் பார்வையில் அழைப்பு என்ற தகுதியையே இழந்து நிற்கக்கூடும்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. ஒருவர் தம் உறவினர்களையோ அண்டை வீட்டாரையோ மட்டும் அழைக்கிறார், அவர்கள் எல்லோருமே தற்செயலாகச் செல்வர்கள் என்றால் குற்றமில்லை என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். செல்வம் என்ற காரணத்துக்காக அழைப்பதே தவறு. ஆகவே சிறிய நிகாஹ் எல்லாம் கெட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவின் பெரும் வணிகர். அவர் நிகாஹ் செய்துகொண்டது அண்ணலாருக்கே (ஸல்) பிறகுதான் தெரியவந்தது, அதுவும் அவர் மீதிருந்த மஞ்சள் நிறச் சுவட்டைக் கண்டு விசாரித்தபோது! என்னை ஏன் அழைக்கவில்லை என்று அண்ணலார் (ஸல்) கோபித்துக் கொள்ளவில்லை. பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கும்படி சொன்னார்கள். சுருக்கமான நிகாஹ் வேறு, பொறுக்கியெடுத்த நிகாஹ் வேறு.

"ஹஜ்ரத்! மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டு, பாதியைக் குப்பையில் கொட்டுவதைவிட, அறுபது பேரோடு தீவில் நடத்துவது சிக்கனம் அல்லவா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் மண்டபத் திருமணங்கள் எளிமையானவை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போமே!

நூற்றைம்பது விருந்தினர். அறைக்கு இருவர் என்றால் எழுபத்தைந்து அறைகள். ஓர் இரவு வாடகை 8,000 ரூபாய் என்று வைப்போம். இரண்டு இரவுகளுக்கு 12 லட்சம். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டிய அறைக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. அது 2,16,000. ஆகமொத்தம் 14,16,000 ரூபாய். ஒரு கவளம் சோறு இன்னும் பரிமாறப்படவில்லை! புல்வெளிக் கட்டணம், மேடை, விளக்கு, சாப்பாட்டுக்கு இலைக்கு இவ்வளவு என்று விடுதி போடும் விலை, போக்குவரத்து எல்லாம் இனிமேல்தான். அறுபது பேராக இருந்தால் வாடகை குறையும், உண்மைதான். ஆனால் கொச்சியில் அறுபது பேருக்கு நடத்திவிட்டு, ஊருக்கு வந்து "ரிசப்ஷன்" என்று எண்ணூறு பேருக்கு மறுபடியும் நடத்துகிறார்களே, அப்போது சிக்கனம் எங்கே போயிற்று?

இந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? சகோதரர்களே, இங்கேதான் என் மனம் மிகவும் வருந்துகிறது. மஹர் மாப்பிள்ளையின் கடமை. வலீமாவும் மாப்பிள்ளை தரப்பின் விருந்து. இதில் கருத்து வேறுபாடே கிடையாது. நம் காயல் கரையிலோ பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். பெண் பிள்ளைகள் தாயின் அருகிலேயே பாதுகாப்பாக வாழ இது உதவுகிறது, அதன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன் மூன்று வீடுகள் கட்டி முடித்து மூச்சு வாங்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் வந்து "எங்கள் பையனுக்குப் போல்காட்டியில் நடத்த ஆசை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யார் செலவு என்று அவர்கள் சொல்வதில்லை. சொல்லாமல் போவதே அவர்கள் சாமர்த்தியம்! அந்தத் தகப்பன் நகையை அடகு வைக்கிறார். வட்டிக்கு வாங்குகிறார். ஹலாலான ஒரு உறவைத் தொடங்க ஹராமான வட்டிக் கடையின் படியேறுகிறார். மாளிகை வேண்டுமென்று கேட்பவர் மாளிகைக்குரிய பணத்தையும் தாமே கட்டட்டும். பெண்ணைப் பெற்றவர்கள் இதைத் துணிந்து சொல்ல வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் அவர்களுக்குப் பக்கபலமாக நிற்க வேண்டும்.

செலவைத் தாங்க வசதியுள்ளவர்களுக்கும் சில செய்திகள் உண்டு. விடுதிகள் பெரும்பாலும் வெளிச் சமையலை அனுமதிப்பதில்லை. நம் ஊர்ப் பண்டாரிகளைக் கூட்டிப் போகலாம் என்று எண்ண வேண்டாம். இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தது என்று முன்பணம் கொடுக்கும் முன்னரே கேளுங்கள். அதே சட்டியில் வேறென்ன சமைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதே வளாகத்தில் மதுக்கூடம் இருக்குமா, நம் விருந்து நடக்கும் புல்வெளியில் மற்ற விருந்தினர் கோப்பையோடு உலவுவார்களா? பெண்களுக்குத் தனியிடம் எங்கே? நூற்றைம்பது பேர் மஃரிபுக்கு உளூச் செய்ய எத்தனை குழாய்கள்? இவற்றை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். வெட்கப்பட ஏதுமில்லை, பணம் கொடுப்பவர் நாம்.

மழையையும் மறக்க வேண்டாம். நம் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் காற்றுதான் வீசும். மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கொச்சியில் ஜூலை மாதம் புல்வெளியில் பந்தல் போட்டால், மாப்பிள்ளை குடையோடுதான் கபூல் சொல்ல வேண்டியிருக்கும்! தென்மேற்குப் பருவமழை அங்கே ஜூன் தொடக்கத்திலேயே இறங்கிவிடும். துலாம் மாதத்திலும் மாலைவேளை இடிமழை உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே வானம் தெளிவு. அப்போதுதான் வாடகையும் உச்சம்.

அடுத்து, பதிவு. நம் மஹல்லாவில் நிகாஹ் நடந்தால் ஜமாஅத் தஃப்தரில் வலீ, சாட்சிகள், மஹர் எல்லாம் எழுதப்படுகின்றன. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாட்களுக்குள் அரசுப் பதிவும் செய்ய வேண்டும். கேரளத்தில் நடந்தால் 2008ஆம் ஆண்டின் கேரள விதிகளின்படி அங்குள்ள உள்ளாட்சி அமைப்பில் பதிய வேண்டும். விடுதியில் தஃப்தர் கிடையாது. படமெடுப்பவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், ஆனால் மஹர் எவ்வளவு என்று எழுதி வைக்க ஒருவரும் இருக்க மாட்டார். நாளை ஒரு பிணக்கு வந்தால், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்க வேண்டி வந்தால், அந்தப் பெண் எந்த ஜமாஅத்தின் வாசலில் போய் நிற்பாள்? நிகாஹ்வைப் பகிரங்கமாக்கும்படி அண்ணலார் (ஸல்) ஏவியதன் பொருள் இங்கே விளங்குகிறது. இன்னாருக்கு இன்னார் கணவன் என்று அந்த இருவரோடும் நாளும் வாழப்போகும் மக்கள் அறிய வேண்டும். எர்ணாகுளத்துச் சுற்றுலாப் பயணிகள் அறிந்து ஆவதென்ன?

நம் முன்னோர் செல்வத்தைக் காணாதவர்கள் அல்லர். மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதிய 13ஆம் நூற்றாண்டிலேயே இக்கரையில் முத்தும் குதிரையும் கைமாறின. முத்துச் சலாபம் நடந்த ஆண்டுகளில் கடற்கரையில் ஒரு தற்காலிக நகரமே எழும்பும். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் முத்துச்சிப்பி அந்த அளவில் விளையவில்லை. கடல் தந்த செல்வம் போய்விட்டது. ஆனால் விருந்தில் இக்கரையார் கடைப்பிடித்த ஒரு வழக்கம் இன்றும் காயலிலும் கீழக்கரையிலும் வாழ்கிறது. அது சஹன். ஒரே தட்டைச் சுற்றி இருவரோ நால்வரோ அமர்ந்து உண்பது. கப்பல் முதலாளிக்கு எதிரே அமர்வது யார் என்று அவர் தேர்ந்தெடுக்க முடியாது. வரிசையில் அடுத்து வந்தவர் அமர்வார். அவர் தோணியில் மூட்டை சுமப்பவராகவும் இருக்கலாம். இருவர் கையும் ஒரே சோற்றில் படும். விடுதியிலோ மேசைக்கு மேசை பெயர் எழுதிய அட்டை வைக்கிறார்கள். யார் பக்கத்தில் யார் என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். அழகான மேசைதான். ஆனால் அந்த அட்டைகளில் மோதினாரின் பெயர் இருக்காது.

சில குடும்பங்கள் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டிருக்கலாம். அவர்களுக்கு ஒரு யோசனை. நிகாஹ்வை இங்கே, நம் புதுக்கோட்டையிலோ பெண்ணின் மஹல்லா எதுவோ அங்கேயோ, பள்ளிவாசலில் அஸருக்குப் பின் நடத்துங்கள். தஃப்தரில் எழுதுங்கள். ஒரு பேரீச்சம்பழமும் ஒரு குவளை சர்பத்தும் எல்லோருக்கும் கொடுங்கள். மாப்பிள்ளை தம் சக்திக்கு ஏற்ப ஊரில் வலீமா கொடுக்கட்டும், மஹல்லாவின் ஏழை வீடுகளை முதலில் எழுதிவிட்டு மற்றவர்களை எழுதட்டும். அதன் பிறகு மணமக்களும் நெருங்கிய உறவினரும் போல்காட்டிக்குப் போய் இரண்டு நாட்கள் தங்கி வாருங்கள். எவரும் தடுக்கவில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து பாலருவி விரைவு ரயில் தூத்துக்குடியிலிருந்தே ஓடுகிறது. இரவில் ஏறினால் தென்காசி, புனலூர், கொல்லம் வழியாக மறுநாள் காலை எர்ணாகுளம். 2004இலிருந்து தீவுக்குப் பாலம் உண்டு. 2023இல் வந்த நீர் மெட்ரோவில் உயர்நீதிமன்றப் படகுத் துறையிலிருந்தும் போகலாம். வர இயலாதென்று நாம் பெயரை அடித்த அந்தக் குப்பிக்கும் ஒரு பயணச்சீட்டு எடுங்கள். ரயிலில் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்குங்கள், முழங்கால் வலி உள்ளவர்.